ஏபிட் முதல் இன்டெல் வரை: மதர்போர்டு நிறுவனங்கள் ஏன் மறைந்தன?

2000ஆம் ஆண்டுவாக்கில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யக் கடைக்குப் போனால், பிராசஸர் பற்றிய பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். இன்டெல், இல்லையென்றால் ஏஎம்டி. எல்லா உறுப்புகளையும் இணைக்கும் பலகையான மதர்போர்டுக்கு வந்தால்தான் பேச்சு நீளும். ஏசஸ், கிகாபைட், எம்எஸ்ஐ, ஏபிட், சோயோ, ஈபாக்ஸ், செயின்டெக், டிஎஃப்ஐ, ஏஓப்பன், ஐவில், எஃப்ஐசி, சால்டெக், ஷட்டில், டயான், ஈசிஎஸ், பிசி சிப்ஸ், பயோஸ்டார், ஜெட்வே என்று உலகச் சந்தையில் அத்தனை பெயர்கள் புழங்கின. அநேகமாக எல்லாமே தைவான் கம்பெனிகள். நம்மூரில் மெர்குரி பெயரில் வந்த போர்டுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். இன்று அதே கடையில் புது போர்டு கேட்டால் ஏசஸ், கிகாபைட், எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் என்ற நான்கு பெயர்களைத் தாண்டிக் கேட்பது அரிது.

மற்றவர்கள் எங்கே என்று கேட்டால் பெரும்பாலானோர் சொல்லும் பதில் ஒன்றுதான்: லேப்டாப் வந்தது, பிறகு செல்போன் வந்தது, டெஸ்க்டாப் போயிற்று, போர்டு கம்பெனிகளும் போயின. இதில் பாதி உண்மை. உலக அளவில் லேப்டாப் விற்பனை டெஸ்க்டாப்பை முதன்முதலாக முந்தியது 2008இன் மூன்றாம் காலாண்டில். ஆனால் ஏபிட் தன் போர்டு தொழிலை விற்க முடிவு செய்தது 2006 ஜனவரியில். ஈபாக்ஸ், சால்டெக், சோயோ போன்றவையும் ஏறத்தாழ அந்தக் காலத்திலேயே கடைகளிலிருந்து மறைந்தன. டெஸ்க்டாப் விற்பனை சரியத் தொடங்கும் முன்பே இவர்கள் விழுந்துவிட்டார்கள். அப்படியென்றால் நோய் வேறு எங்கேயோ இருந்திருக்கிறது. மதர்போர்டு என்ற பொருளுக்குள் பொறியாளர் திறமை காட்ட எவ்வளவு இடம் இருந்தது, அந்த இடம் எப்படிச் சுருங்கியது என்று பார்த்தால் அது பிடிபடும்.

அந்தக் காலத்து போர்டின் நடுவில் நார்த்பிரிட்ஜ் என்ற சிப் ஒன்று இருக்கும். பிராசஸர் மெமரியோடு பேசுவதும் கிராஃபிக்ஸ் கார்டோடு பேசுவதும் அதன் வழியாகத்தான். ஹார்டு டிஸ்க், யூஎஸ்பி போன்ற மெதுவான வேலைகளை சவுத்பிரிட்ஜ் பார்த்துக்கொள்ளும். இந்த இரண்டு சிப்புகளையும் வாங்கி, எட்டுப் பத்து அங்குல அகலப் பலகையில் தடங்களை வரைந்து, பிராசஸருக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கி, மெஷினை ஆன் செய்ததும் உறுப்புகளை எழுப்பி அமைக்கும் பயாஸ் என்ற நிரலை எழுதித் தருவதுதான் போர்டு கம்பெனியின் தொழில். மெமரிக்குப் போகும் தடங்களின் நீளம் ஒன்றுக்கொன்று மாறினால் வேகம் குறையும். பயாஸில் மெமரி நேரக்கணக்கைத் துணிச்சலாக வைத்தால் வேகம் கூடும், கொஞ்சம் அதிகமாக வைத்தால் மெஷின் தொங்கும். ஒரே பிராசஸர், ஒரே ராம் போட்டாலும் போர்டுக்கு போர்டு வேகத்திலும் நிலைத்தன்மையிலும் வித்தியாசம் தெரிந்தது. அந்த வித்தியாசம்தான் இத்தனை கம்பெனிகளுக்குச் சோறு போட்டது.

ஏபிட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலின் உச்சத்தையும் சரிவையும் அதன் கதையில் முழுதாகப் பார்த்துவிடலாம்.

1989இல் தைவானில் தொடங்கிய கம்பெனி அது. அப்போதெல்லாம் பிராசஸரின் வேகத்தை போர்டில் அமைக்க வேண்டுமென்றால் ஜம்பர் மாற்ற வேண்டும். கேபினெட்டைக் கழற்றி, டார்ச் அடித்து, கையேட்டைப் பார்த்துப் பார்த்து அரிசி அளவு பிளாஸ்டிக் மூடியை ஒரு ஊசியிலிருந்து இன்னொரு ஊசிக்கு மாற்றுவோம். 1990களின் பிற்பாதியில் ஏபிட் அந்த வேலையை பயாஸ் திரைக்குள் கொண்டுவந்து சாஃப்ட்மெனு என்று பெயர் வைத்தது. கேபினெட்டைத் திறக்காமல், கீபோர்டிலேயே எண்ணை மாற்றிக்கொள்ளலாம். இன்று எந்த போர்டிலும் இருக்கிற வசதிதான். அன்று அது ஏபிட்டின் அடையாளம்.

1998இல் இன்டெல் மலிவு விலைக்கென்று செலரான் 300ஏ பிராசஸரைக் கொண்டுவந்தது. அதன் பெருக்கல் எண் 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. போர்டு தரும் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ், ஆக 300. அதே செலரானை ஏபிட்டின் பிஎச்6 போர்டில் மாட்டி, சாஃப்ட்மெனுவில் 66ஐ 100 ஆக்கினால் 450 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தது. பல சிப்புகள் அந்த வேகத்தில் சிரமமே இல்லாமல் ஓடின. இன்டெல்லின் மிக விலை உயர்ந்த பென்டியம் 2 அப்போது அதே 450இல்தான் ஓடியது. கல்லூரி மாணவன் ஒருவன் மலிவுச் சிப்பை வாங்கி, பல மடங்கு விலை கொடுத்தவனுக்குச் சமமாக உட்கார முடிந்தது என்றால் அதைச் சாத்தியமாக்கியது போர்டுதான்.

அடுத்த வருடம் பிபி6 வந்தது. இரண்டு பிராசஸர்கள் சேர்ந்து வேலை செய்வது சர்வருக்கும் விலை உயர்ந்த வொர்க்ஸ்டேஷனுக்கும் மட்டும் என்று இன்டெல் வைத்திருந்தது. செலரானை அப்படி ஜோடியாக ஓட்டுவது இன்டெல்லின் திட்டத்திலேயே இல்லை. ஏபிட்டின் பொறியாளர்கள் அதற்கு வழி கண்டுபிடித்து, பிராசஸரில் எந்த மாற்றமும் செய்யாமல் இரண்டு செலரான்களைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி ஓட்டும் போர்டைச் சாதாரண விலையில் விற்றார்கள். விண்டோஸ் 98க்கு இரண்டாவது பிராசஸர் இருப்பதே தெரியாது. விண்டோஸ் என்டியும் லினக்ஸும் போட்டவர்கள்தான் அதன் முழுச் சுவையை அறிந்தார்கள். சிப் செய்கிறவர் போட்ட கோட்டை போர்டு செய்கிறவர் தாண்டிக் காட்டிய காலம் அது. இந்தத் தொழிலில் அதைவிட அழகான தருணம் வேறு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பிறகு கெப்பாசிட்டர் நோய் வந்தது. போர்டில் பிராசஸரைச் சுற்றி நிற்கும் சின்னச் சின்ன உருளைகளைப் பார்த்திருப்பீர்கள். மின்சாரத்தை ஏற்ற இறக்கமில்லாமல் தருவது அவற்றின் வேலை. 1999 வாக்கில் தொடங்கி அடுத்த சில வருடங்களில் தயாரான கெப்பாசிட்டர்கள் ஏராளமாகக் கெட்டுப்போயின. உள்ளே இருக்கும் மின்பகு திரவத்தில் அரிப்பைத் தடுக்கும் சேர்க்கை சரியாக இல்லை. திரவம் அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயு சேர்ந்து, மேல்மூடி உப்பி, கடைசியில் கசிந்தது. ஜப்பானிய நிறுவனத்திடமிருந்து திருடப்பட்ட கலவைக் குறிப்பு அரைகுறையாக இருந்ததே காரணம் என்று அப்போது பரவலாக எழுதப்பட்டது. ஜப்பானில் செய்த கெப்பாசிட்டர்களிலும் கோளாறு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2005இல் டெல் மட்டுமே இந்தத் தொல்லைக்காக 30 கோடி டாலரைச் செலவுக் கணக்கில் எழுதியது.

என் வீட்டு மெஷின் அந்த நாட்களில் காரணமில்லாமல் நின்று நின்று போகும். சர்வீஸ் செய்ய வந்த அண்ணன் மூடியைக் கழற்றி, விரல் நுனியால் தொட்டுக் காட்டினார். "பாரு தம்பி, கெப்பாசிட்டர் எல்லாம் உப்பியிருக்கு. போர்டு பிழைக்காது." வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. எந்த பிராண்டு என்பது இங்கே முக்கியமில்லை. அந்த நோய் அநேகமாக எல்லார் போர்டிலும் இருந்தது. தன் போர்டில் குறை இருக்கிறது என்று முதலில் ஒப்புக்கொண்ட கம்பெனிகளில் ஏபிட்டும் ஒன்று. அமெரிக்காவில் அதன் மேல் கூட்டு வழக்கு வந்து சமரசத்தில் முடிந்தது. மாற்றிக் கொடுத்த போர்டுகளின் செலவு, ஏற்கெனவே மெலிந்திருந்த லாபத்தைத் தின்றது.

அதன் மேல் கணக்கு வழக்குக் குழப்பம். 2004 டிசம்பரில் தைவான் பங்குச் சந்தை ஏபிட் பங்கின் தரத்தைக் குறைத்தது. கம்பெனியின் ஏற்றுமதி இறக்குமதியில் பெரும்பகுதி, ஒரே முகவரியில் இயங்கிய ஏழு நிறுவனங்கள் வழியாக நடந்ததாக விசாரணையில் வந்தது. ஒவ்வொன்றின் மூலதனமும் 2 ஹாங்காங் டாலர். இதற்குப் பின் வங்கியும் சப்ளையரும் எப்படி நம்புவார்கள்? 2006இல் யூஎஸ்ஐ என்ற ஒப்பந்தத் தயாரிப்பு நிறுவனம் ஏபிட்டின் போர்டு தொழிலையும் பெயரையும் வாங்கி யுனிவர்சல் ஏபிட் என்று நடத்திப் பார்த்தது. 2008 டிசம்பர் 31 அன்று அதுவும் மூடப்பட்டது. திறமையுள்ளவர்கள் அதற்கு முன்பே கிளம்பிவிட்டிருந்தார்கள். ஏபிட்டின் புகழ்பெற்ற என்எஃப்7 போர்டோடு பெயர் சேர்த்துப் பேசப்பட்ட பொறியாளர் ஆஸ்கர் வூ டிஎஃப்ஐக்குப் போய், அங்கே லேன்பார்ட்டி வரிசையை ஆர்வலர்கள் தேடி வாங்கும் போர்டாக்கினார்.

ஏபிட்டைக் கணக்கு மோசடி கொன்றது என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் மோசடி எதுவும் செய்யாத டிஎஃப்ஐயும் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வீட்டுக்கான போர்டுகளை நிறுத்தியதே, அதை என்ன சொல்வது? ஆஸ்கர் வூ போன்ற கை இருந்தும் அந்தக் கம்பெனியால் நிற்க முடியவில்லை. இங்கேதான் நார்த்பிரிட்ஜுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

நார்த்பிரிட்ஜும் சவுத்பிரிட்ஜும் சேர்ந்த ஜோடிக்கு சிப்செட் என்று பெயர். அந்தச் சந்தையில் அன்று போட்டி இருந்தது. இன்டெல் 1999இல் ராம்பஸ் மெமரியின் பக்கம் சாய்ந்தது. அது விலை அதிகம். சாதாரண மெமரியையும் போட வழி செய்த அதன் துணைச் சிப்பில் பழுது வந்ததால், 2000 மே மாதம் 10 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான போர்டுகளை இன்டெல் மாற்றித்தர நேர்ந்தது. அந்த இடைவெளியில் தைவானின் வியா புகுந்து மலிவு மெமரிக்கான சிப்செட்டை விற்றது. எஸ்ஐஎஸ், ஏஎல்ஐ என்ற சிப்செட் கம்பெனிகளும் இருந்தன. பின்னால் என்விடியா என்ஃபோர்ஸோடு வந்தது, ஏடிஐயும் வந்தது. போர்டு கம்பெனிக்கு இத்தனை மூலப்பொருள் இருந்தபோது யாரோடு சேர்வது, எந்தச் சிப்பிலிருந்து எதைக் கறப்பது என்பதே தனி வித்தையாக இருந்தது.

அந்தக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. ஏஎல்ஐயிலிருந்து பிரிந்த யூஎல்ஐயை 2006இல் என்விடியா வாங்கியது. அதே ஆண்டு ஏடிஐயை ஏஎம்டி வாங்கியது. மற்றவர்களின் பிராசஸருக்குச் சிப்செட் செய்யும் தொழிலிலிருந்து வியா 2008இல் விலகியது. புதிய இன்டெல் பிராசஸர்களுக்குச் சிப்செட் செய்ய உரிமம் செல்லுமா என்ற வழக்கில் சிக்கி என்விடியாவும் நிறுத்திக்கொண்டது. அந்தத் தகராறு 2011 ஜனவரியில் முடிந்தபோது இன்டெல் என்விடியாவுக்கு 150 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ஆனால் சிப்செட் திரும்பி வரவில்லை. இனி இன்டெல் பிராசஸருக்கு இன்டெல் சிப்செட், ஏஎம்டிக்கு ஏஎம்டி சிப்செட். எல்லாக் கம்பெனிகளும் ஒரே சிப்பை வாங்கி ஒரே மாதிரி போர்டு செய்ய வேண்டிய நிலை.

அதைவிடப் பெரிய மாற்றம் பிராசஸருக்குள் நடந்தது. 2003இல் ஏஎம்டி தன் அத்லான் 64இல் மெமரியோடு பேசும் பகுதியான மெமரி கன்ட்ரோலரை பிராசஸருக்குள்ளேயே வைத்துவிட்டது. இன்டெல் 2008 நவம்பரில் கோர் ஐ7இல் அதையே செய்தது. ஏபிட் மூடியது அதற்கு அடுத்த மாதம். 2009இல் இன்டெல் கிராஃபிக்ஸ் கார்டுக்கான இணைப்பையும் உள்ளே இழுத்துக்கொள்ள, நார்த்பிரிட்ஜ் என்ற சிப்பே தேவையில்லாமல் போயிற்று. 2011இல் வந்த சாண்டி பிரிட்ஜில் அடிப்படைத் துடிப்பும் பிராசஸரோடு கட்டப்பட்டது. அதை 100லிருந்து கொஞ்சம் நகர்த்தினாலே எல்லாம் தடுமாறும். வேகத்தைக் கூட்ட வேண்டுமென்றால் கே என்ற எழுத்து போட்ட பிராசஸரையே கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும். செலரான் 300ஏயையும் பிஎச்6ஐயும் வைத்து மாணவன் செய்ததை இனி எந்த போர்டு பொறியாளராலும் செய்து தர முடியாது. அந்த அனுமதியை இன்டெல் சிப்புக்குள் வைத்து விலை போட்டுவிட்டது.

நேர்மையாகச் சொன்னால் இதில் பயனருக்கு லாபமும் உண்டு. மெமரிக்குப் போகும் தூரம் குறைந்தது, மெஷின்கள் வேகமாயின, போர்டால் வரும் மர்மக் கோளாறுகள் குறைந்தன. இழப்பு போர்டு செய்கிறவர்களுக்கு. வேகத்தில் வித்தியாசம் காட்ட முடியாத பொருளை விலையில்தான் விற்க முடியும்.

விலையில் விற்பதற்கோ வேறு ஜாதி ஆட்கள் இருந்தார்கள். 486 பிராசஸர் காலத்தில், வேகத்தைக் கூட்டும் கேஷ் மெமரி என்று சொல்லி வேலை செய்யாத போலிச் சிப்புகளை ஒட்டி விற்றதாகப் பெயர் கெட்ட பிசி சிப்ஸ், பல பெயர்களில் மலிவு போர்டுகளை உலகெங்கும் தள்ளியது. பின்னால் ஈசிஎஸ்ஸோடு இணைந்தது. ஃபாக்ஸ்கான் இன்னும் பெரிய சவால். சாக்கெட், கனெக்டர், கேபிள், கேபினெட் எல்லாம் தானே செய்யும் கம்பெனி போர்டும் செய்யத் தொடங்கினால், அவற்றை வெளியில் வாங்கிச் செய்கிறவன் எப்படிப் போட்டி போடுவான்? தைவானில் இருந்த தொழிற்சாலைகள் சீனாவின் டோங்குவான், ஷென்சென், சுசோ பக்கம் நகர்ந்ததும் இந்த நெருக்கடியில்தான். லட்சக்கணக்கில் போர்டு ஓட்டினால்தான் காசு என்று ஆனபோது, நடுத்தரக் கம்பெனிகளுக்கு நிற்க இடமில்லை.

பெரியவர்களும் பயந்தார்கள் என்பதற்கு 2006 ஆகஸ்ட் அறிவிப்பே சாட்சி. ஜென்ம விரோதிகளான ஏசஸும் கிகாபைட்டும் சேர்ந்து கூட்டு நிறுவனம் தொடங்கப்போவதாக அறிவித்தன. கிகாபைட்டுக்கு 51 சதவீதம், ஏசஸுக்கு 49. கிகாபைட் பெயரில் வரும் போர்டையும் கிராஃபிக்ஸ் கார்டையும் அந்தக் கூட்டு நிறுவனம் செய்யும் என்பது திட்டம். 2007இலேயே அந்தக் கூட்டு கலைந்தது. கிகாபைட் தனியாகவே நின்றது, இன்றும் நிற்கிறது. திட நிலை கெப்பாசிட்டர்களை முன்னிறுத்தி, "இந்த போர்டு உப்பாது" என்ற நம்பிக்கையை விற்றது அதன் சாமர்த்தியம். அந்தக் கெப்பாசிட்டர் நோயை அனுபவித்தவர்களுக்கு அந்த விளம்பரம் எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பது தெரியும்.

ஏசஸ் எடுத்த வழி வேறு, என் பார்வையில் இந்தத் தொழிலின் மிகக் கூர்மையான மறுசீரமைப்பு அதுதான். ஏசரிலிருந்து வெளியேறிய நான்கு பொறியாளர்கள் 1989இல் தொடங்கிய கம்பெனி, 2000களில் இரண்டு வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. தன் பெயரில் போர்டும் லேப்டாப்பும் விற்றது. மற்ற பெரிய பிராண்டுகளுக்கும் அவற்றைத் தயாரித்துக் கொடுத்தது. வாடிக்கையாளருக்கே போட்டியாளராக இருக்கிறவனிடம் யார் நிம்மதியாக ஆர்டர் கொடுப்பார்கள்? 2008 ஜனவரியில் கம்பெனி மூன்றாகப் பிரிந்தது. பிராண்டு ஏசஸிடம். போர்டு, லேப்டாப் போன்றவற்றின் ஒப்பந்தத் தயாரிப்பு பெகட்ரானிடம். கேபினெட், வார்ப்பு வேலைகள் யூனிஹானிடம். 2010இல் பெகட்ரான் தனியாகப் பங்குச் சந்தைக்கு வந்தது. மலிவுச் சந்தையில் மோதுவதற்காக ஏசஸ் 2002இல் உருவாக்கிய ஏஎஸ்ராக், பெகட்ரான் பக்கம் போய், இன்று ஏசஸுக்கே நேரடிப் போட்டியாளராக வளர்ந்திருக்கிறது. ஏசர் தன்னை ஏசர், விஸ்ட்ரான், பென்க்யூ என்று பிரித்துக்கொண்டது இதற்குச் சில வருடங்களுக்கு முன். அதே பாடத்தை ஏசஸ் கற்றுக்கொண்டது.

மறைந்தவர்களில் பலர் சாகவில்லை, தொழில் மாறிவிட்டார்கள். டிஎஃப்ஐ தொழிற்சாலை எந்திரங்களுக்கும் மருத்துவக் கருவிகளுக்குமான போர்டுகளுக்குப் போனது. அங்கே வேகத்தைவிடப் பத்து வருடம் அதே போர்டு கிடைக்கும் என்ற உறுதிக்குத்தான் காசு. 2017இல் அது கிஸ்டா கைக்குப் போயிற்று. கிஸ்டா என்பது பழைய பென்க்யூதான். சர்வர் போர்டுக்குப் பேர்போன டயான் 2007இல் மைடாக்கோடு சேர்ந்தது. செயின்டெக் மெமரிப் பக்கம் போனது. ஏஓப்பன் கடைகளில் விளம்பரம் ஓடும் திரைகளுக்கான சிறு கணினிகளுக்குப் போனது.

இன்டெல்லின் விலகல்தான் நம்மூர்க் கடைகளில் அதிகம் உணரப்பட்டது. "ஒரிஜினல் இன்டெல் போர்டு" என்று சொன்னால் இங்கே மறுபேச்சே கிடையாது. அலுவலகம், பள்ளி, பிரவுசிங் சென்டர் என்று எங்கும் அதைத்தான் கேட்பார்கள். ஓவர்கிளாக் செய்து வேகத்தைக் கூட்ட முடியாது, அலங்காரம் இருக்காது, ஆனால் மூன்று வருட வாரன்டி, தொல்லையில்லை. 2013 ஜனவரியில் இன்டெல் டெஸ்க்டாப் போர்டு தொழிலை மூன்று ஆண்டுகளில் படிப்படியாக முடித்துக்கொள்வதாக அறிவித்தது. தனக்கு லாபமாக எஞ்சியிருந்த எல்லாம் பிராசஸருக்குள்ளேயே வந்துவிட்டபின், பலகை செய்து என்ன ஆகப்போகிறது? அதன்பின் கையடக்க நக் கணினிகளில் கவனம் வைத்தது. 2023இல் அதையும் விட்டுவிட்டது. அந்த வரிசையைத் தொடர்ந்து செய்யும் உரிமம் யாருக்குப் போனது தெரியுமா? ஏசஸுக்கு. 486 காலத்தில் இன்டெல்லின் சொந்த போர்டில் இருந்த கோளாறை ஏசஸ் நிறுவனர்கள் சரிசெய்து கொடுத்தார்கள் என்று தைவானில் சொல்லப்படும் கதையை நினைத்துப் பார்த்தால், இந்தச் சுற்று வியப்பைத் தருகிறது.

எஞ்சிய நான்கு கம்பெனிகள் இன்று எதில் போட்டி போடுகின்றன? பிராசஸருக்கு மின்சாரம் தரும் பகுதியில் இன்னும் உண்மையான பொறியியல் இருக்கிறது. 200 வாட்டுக்கு மேல் குடிக்கும் சிப்புக்குச் சூடாகாமல் மின்சாரம் தருவது லேசுப்பட்ட வேலையில்லை. கிராஃபிக்ஸ் கார்டு போன்றவற்றை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 5இன் வேகத்துக்குத் தடம் வரைவதும் அப்படித்தான், போர்டின் அடுக்குகளைக் கூட்ட வேண்டியிருக்கிறது, விலையும் அதனால் ஏறுகிறது. மற்றபடி வண்ண விளக்கு, பெரிய அலுமினியக் கவசம், வைஃபை, விளையாட்டுக்காரர்களைக் குறிவைத்த பெயர்கள். விளக்குக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் காசு எனக்கு வருத்தம் தருகிறது. அந்தப் பணத்துக்கு பயாஸ் புதுப்பிப்பை இன்னும் மூன்று வருடம் தொடர்ந்து தந்தால் பயனருக்கு எவ்வளவு நல்லது! அத்தனை பெயர் இருந்த காலத்தில் ஒருவன் சரியில்லை என்றால் அடுத்தவனிடம் போனோம். இப்போது அந்தச் சவுக்கு நம் கையில் இல்லை. இவர்களின் கவனமும் வேறு பக்கம். கிகாபைட் 2023இல் சர்வர் தொழிலுக்கென்றே தனி நிறுவனம் பிரித்தது. செயற்கை நுண்ணறிவு சர்வர் ஒன்றில் வரும் காசு எத்தனை வீட்டு போர்டு விற்றால் வரும் என்று அவர்கள் கணக்குப் போடாமல் இருப்பார்களா?

ஏசஸிடமிருந்து பிரிந்த பெகட்ரானின் பிந்தைய கதை நமக்குப் பக்கத்திலேயே நடக்கிறது. போர்டு தயாரிப்பில் கற்ற தொழிலை அது ஐபோனுக்குக் கொண்டுபோனது. 2022 செப்டம்பரில் செங்கல்பட்டுக்கு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் அதன் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் போர்டு கம்பெனிகளைத் திணறடித்த ஃபாக்ஸ்கானின் ஐபோன் தொழிற்சாலை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. 2025 ஜனவரியில் பெகட்ரானின் இந்தியப் பிரிவில் 60 சதவீதப் பங்கு டாடா எலெக்ட்ரானிக்ஸ் கைக்கு வந்தது. மெலிந்த லாபம், லட்சக்கணக்கில் எண்ணிக்கை, சிப்பின் வடிவமைப்பும் விலையும் வேறு யாரோ முடிவு செய்வது என்று டோங்குவானில் போர்டு செய்தவர்கள் வாழ்ந்த அதே வாழ்க்கையின் அடுத்த ஷிப்ட் இப்போது ஜிஎஸ்டி சாலையில் ஓடுகிறது. காலை ஆறு மணிக்கு முன்பே அந்தப் பக்கம் போனால், கம்பெனி பேருந்துகளிலிருந்து அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு இறங்கும் பெண்களைப் பார்க்கலாம்.